வேம்பில் ஏறிய நம்பர்

விடியற்காலை சுபஹ் தொழுதுவிட்டு வந்த ஹயாத்து முகம்மது தன் கைப்பேசியை ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்தார். பக்கத்தில் அரைச் செங்கல் கனத்தில் ஒரு பவர்பேங்கையும் வைத்து, மூடியைச் சைக்கிள் டியூப் வளையத்தால் இறுக்கி, வேப்பமரத்தில் தொங்கிய நைலோன் கயிற்றில் கொளுவினார். மேலே மூன்றாவது கவட்டுக்கும் மேல் ஒரு படகுக் கப்பி கட்டியிருந்தது. கயிற்றை இழுக்க இழுக்க டப்பா ஆடி அசைந்து மேலே போயிற்று. தலவில அன்னம்மா கோயிலில் திருவிழாவுக்குத்தான் கொடி ஏறும். ஹயாத்து முகம்மதின் வளவில் அது நாள் தவறாமல் ஏறும்.

மூத்த மகள் மர்ளியாவின் புருஷன் ஹாசிம், ஒரு கையில் பெற்றோல் கேனும் தோளில் பஞ்சுபோல் கனமில்லாத ரெஜிபோம் ஐஸ் பெட்டியுமாகக் கடலுக்குப் புறப்பட்டவன், மரத்தடியில் நின்றான்.

"கொடி ஏத்தியாச்சா மாமா? வெடி கொளுத்தல்லயா?"

"வெடி ஒங்கட எஞ்சின்ல இரிக்கி மகன். போய் அத இழுங்க."

ஹாசிம் சிரித்தான். கூடப் போகிறவனுக்குக் காய்ச்சல் என்பதால் அன்றைக்கு அவன் தனி. மாமியார் ஸக்கியா குசினி வாசலில் நின்று, தனியாக ஏன் போக வேண்டும் என்று கேட்டாள். பல நாளைக்குப் பிறகு நேற்றுத்தான் காற்று விழுந்திருக்கிறது, நாளைக்கு எழும்பினால் இந்த மாதம் முழுக்கக் கரையில்தான் குந்த வேண்டும் என்றான். மர்ளியா அவனுடைய பட்டன் போனைப் பொலித்தீன் பையில் சுற்றி, ரப்பர் போட்டுக் கொடுத்தாள். நல்ல போன் வீட்டில் அவளிடம்தான் கிடக்கும். உப்புத் தண்ணீர் பட்டுச் செத்த போன்கள் அந்தக் கரையில் மீன் முள்ளைவிட அதிகம்.

அவர்களுடைய வளவு கல்பிட்டிக் கரையில் கண்டக்குழியைத் தாண்டி, கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் பள்ளத்தில் கிடந்தது. சோளகக் காற்று தொடங்கிவிட்டால் அங்கே கோழிகள் கல்லை விழுங்கிப் பாரம் ஏற்றிக்கொண்டுதான் கூட்டை விட்டு வெளியே வரும் என்பார் ஹயாத்து முகம்மது. அப்படிப்பட்ட காற்றுக்கூட ஒரு சொட்டுக் கவரேஜைப் பள்ளத்துக்குள் கொண்டு வந்து போட்டதில்லை. மணல்மேட்டில் ஏறினால் கிடைத்தது. யுத்தம் முடிந்து வெள்ளைக்காரர்கள் பட்டம் கட்டிக் கடலில் சறுக்க வந்த பிறகு, மேட்டில் ஒரு லொட்ஜ் எழும்பி, வேலியும் வந்து, கவரேஜ் அதற்குள் போய்விட்டது. அந்த லொட்ஜின் குசினியில்தான் இளைய மருமகன் மஹ்ரூப் வேலை செய்தான். விருந்தாளிகளுக்கு வைஃபை உண்டு. கோழி வெட்டுகிறவனுக்கு அதன் பாஸ்வேர்ட் கிடையாது.

மஹ்ரூபின் மனைவி றிஸ்மியா, ஹயாத்து முகம்மதின் இளைய மகள், குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அவளுடைய முகத்தைப் பார்க்க மஹ்ரூப் சந்திவரை நடந்து, பஸ் நிற்கும் இடத்தில், பத்துப் பேர் பார்க்கப் பேச வேண்டியிருந்தது. புருஷன் பெண்சாதிக் கதையை ஊரே கேட்டது. ஒருநாள் பாண் கடைக்காரன், "றிஸ்மியாக்குப் பல்லுக்கொதி சொகமா?" என்று விசாரித்தான். அன்றைக்கே மஹ்ரூப் வேப்பமரத்தில் ஏறினான். மூன்றாவது கவட்டில் கவரேஜ் முழுதாக நின்றது. மாமாவின் பழைய நம்பருக்கு எல்லாரும் சேர்ந்து டேட்டா போட்டார்கள். அதில் ஹொட்ஸ்பொட்டைத் திறந்து மரத்தில் ஏற்றியதும், வளவிலிருந்த மூன்று வீட்டுக்கும் நெட் மழைபோல் இறங்கிற்று.

அதற்குப் பிறகு எல்லாக் கதையும் வட்சப்பில்தான். மரத்தில் தொங்குவது ஒரு போன் என்பதையும், அதற்கு ஒரு நம்பர் உண்டு என்பதையும், நம்பர் என்றால் யாராவது கோல் எடுத்துக் கூப்பிடலாம் என்பதையும் வளவு மெல்ல மறந்தது. அப்படிக் கூப்பிட்டதும் கம்பனிக்காரர்கள்தான், பெக்கேஜ் விற்க. மரத்திலிருந்த மைனா ஒன்று அந்த மணியை நாலே நாளில் பாடமாக்கிவிட்டது. அது கத்தும்போதெல்லாம் ஸக்கியா கயிற்றை இறக்கிப் பார்ப்பாள். ஒன்றும் இராது. தொழுகையில் நிற்கும்போதும் மைனா கத்தியது. மைனாவுக்குக் கோல் எடுத்தது அடுத்த மரத்து மைனா என்றும், அது குடும்பச் சண்டை என்றும் ஹயாத்து முகம்மது சொல்லிக்கொண்டு திரிந்தார். கடைசியில் ஸக்கியாவின் ஆக்கினை தாங்காமல் மஹ்ரூப் போனின் மணியை நிறுத்தினான். ஹயாத்து முகம்மது தலையாட்டினார். மைனா மட்டும் நிறுத்தவில்லை.

பொழுதுபட, மஃரிபுக்கு முன் டப்பாவை இறக்கி, போனைச் சார்ஜில் போடுவது அவருடைய வேலை. போடுமுன் மஹ்ரூப் காட்டிக்கொடுத்த இடத்தில் தட்டி, யார் யார் தன் நெட்டில் தொங்குகிறார்கள் என்று பார்ப்பார். ஸக்கியா, மஹ்ரூப், ஹாசிம் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். கோழிகளைக் கூட்டில் அடைத்துவிட்டு எண்ணுகிற மனுஷனின் திருப்தி அவர் முகத்தில் வரும். ஹாசிம் என்று நின்றது மர்ளியாவின் கையிலிருந்த போன். அவன் பெயரை அவள் மாற்றவில்லை. அது அவருக்கும் தெரியும். தெரிந்தும், பெயரைக் கண்டால் ஆள் கரைக்கு வந்துவிட்டான் என்று மனம் ஒரு கணம் நிம்மதியாகப் படுத்துக்கொள்ளும்.

அன்றைக்கு வியாழக்கிழமை. குவைத்தில் மேடம் பகல் சாப்பாட்டுக்குப் பிறகு உறங்கும் நேரம், இங்கே அஸர் தொழுகைக்குப் பிந்திய பின்னேரம். ஸக்கியாவின் போனைச் சீனி டின்னில் சாய்த்து வைத்து, முன்னால் கதிரைகளைப் போட்டு எல்லாரும் குந்தினார்கள். மர்ளியா மட்டும் நின்றாள். ஹாசிமுக்கு மூடி வைத்த சோறு பகலிலிருந்து அப்படியே இருந்தது. அவன் சுணங்குவது புதிதில்லை. மீன் பட்டால் பொழுது சாயும்.

றிஸ்மியாவின் முகம் வந்தது. மெலிந்திருந்தாள். மேடத்தின் பூனைக்கு டொக்டர் வந்து போன கதையைச் சொன்னாள். தனக்குக் காய்ச்சல் வந்தபோது டொக்டர் வரவில்லை என்பதை அவள் சொல்லவில்லை. பூனையின் கதையை அவள் சொன்ன விதத்திலேயே அது இருந்தது. அவள் கையைத் தூக்கித் தலைத்துண்டைச் சரி செய்தபோது முன்கையில் நீளமாக ஒரு தழும்பு தெரிந்தது.

"அதென்ன கையில?" என்றாள் ஸக்கியா.

"அது ஒண்டுமில்ல உம்மா, அயன்—"

படம் நின்றுவிட்டது. வாய் பாதி திறந்தபடி, கை தூக்கியபடி, றிஸ்மியா அப்படியே உறைந்தாள். நடுவில் வட்டம் ஒன்று சுற்றியது. சுற்றிச் சுற்றி, பிறகு அவள் அசைந்தாள்.

"—இப்ப ஆறிட்டு. கேட்டிச்சா?"

கேட்கவில்லை. மறுபடி சொல்லத் தொடங்கினாள். மறுபடி நின்றது. மஹ்ரூப் எழுந்து போய்க் கயிற்றை உலுக்கினான். படம் வந்தது. போயிற்று. ஸக்கியா போனைப் பார்த்து, "சனியன்," என்றாள். மர்ளியா கடற்கரைப் பாதையைப் பார்த்தாள்.

"இது அந்த வெள்ளைக்காரன்ட பட்டம்," என்றார் ஹயாத்து முகம்மது, முகத்தில் ஒரு மாற்றமுமில்லாமல். "ஒவ்வொரு பட்டம் குறுக்கால போகக்கொள்ளயும் கவரேஜ் அதில சிக்குது. போன கிழம ஒரு பட்டத்த இறக்கிப் பாத்தாங்களாம். அதுக்குள்ள ஆர்ரயோ அரவாசிக் கலியாண வீடியோ இரிந்திச்சாம்."

எல்லாரும் சிரித்தார்கள். மர்ளியாகூடச் சிரித்தாள். படம் திரும்பி வந்தபோது றிஸ்மியாவுக்கும் சொன்னார்கள். அவளும் சிரித்து, சிரிப்பின் நடுவில் மறுபடி உறைந்தாள். அந்தச் சிரிப்போடு நெடுநேரம் நின்றாள்.

மஃரிபுக்கு முன் அவர் டப்பாவை இறக்கினார். வழமைபோல முதலில் பெயர்களைப் பார்த்தார். ஸக்கியா, மஹ்ரூப், ஹாசிம். மனம் வழமைபோல ஒரு கணம் படுத்துக்கொண்டது. பிறகுதான் திரையின் மேல் மூலையில் சிவப்பாக ஏதோ நிற்பதைக் கண்டார். கண்ணாடி இல்லாமல் தெரியவில்லை. மஹ்ரூபைக் கூப்பிட்டார்.

மஹ்ரூப் விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தான். எல்லாம் ஹாசிமின் பட்டன் போனிலிருந்து வந்து தவறிய கோல்கள். ஒன்றன் கீழ் ஒன்றாக, பாய் பின்னியதுபோல. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நேரம் இருந்தது. அவன் நேரங்களைப் பார்த்தான். பிறகு வராந்தாவில் கிடந்த வெறும் கதிரைகளைப் பார்த்தான். 

"என்ன மகன்?"

"கோல் வந்தா நெட் நிக்கும் மாமா," என்றான் மஹ்ரூப். "றிஸ்மியாட படம் நிண்ட நேரமெல்லாம் இதான்." 

சந்திக்கு ஓடினார்கள். அங்கே கவரேஜ் இருந்தது. ஹாசிமின் நம்பர் இருக்கவில்லை. நீங்கள் அழைத்த நபருடன் தற்போது தொடர்பு கொள்ள முடியாது என்று ஒரு பெண், முதலில் சிங்களத்திலும் பிறகு தமிழிலும், இரண்டு பாஷையிலும் ஒரே மரியாதையோடு சொன்னாள். துறையில் இருந்த படகுகள் இரண்டு டோர்ச் லைட்டோடு போய், காற்றுக்கு முகம் கொடுக்க மாட்டாமல் திரும்பின. நேவி முகாமில் பெயரைச் சொன்னார்கள். யுத்த காலத்தில் கடலுக்குப் போக அங்கேதான் பாஸ் எடுக்க வேண்டும். போனவன் வராவிட்டால் வீட்டுக்காரனுக்கு முன் துவக்கோடு தேடியவர்கள் அவர்கள். இப்போது பாஸும் இல்லை, சந்தேகமும் இல்லை. வாசலில் நின்ற பொடியன் நல்ல மரியாதையாகக் கதிரை கொடுத்து, காற்று அடங்கட்டும் என்றான்.

காற்று அடங்கவில்லை. ஹாசிம் சொன்னதுபோல மறுநாள் முழுதாக எழும்பிற்று.

ஹாசிமின் படகின் இரண்டு பக்கமும், மரத்தில் ஏறிய அந்தப் பழைய நம்பர்தான் சிவப்புப் பெயின்ரில், ஒரு பிள்ளையின் உயரத்துக்கு எழுதியிருந்தது. அந்தக் கரையில் எல்லாப் படகுக்கும் அப்படித்தான். கடல் எங்கே கொண்டு போனாலும் கண்டவன் கோல் எடுக்கட்டும் என்று. ஹயாத்து முகம்மதே தூரிகை பிடித்து எழுதியது. மிஞ்சிய பெயின்ரில் ஹாசிம் ஐஸ் பெட்டியின் மூடியிலும் எழுதினான். ஆக இனி யார் எதைக் கண்டாலும் இந்த நம்பருக்குத்தான் வருவார்கள். போனைச் சந்தியில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு இருக்கலாம் என்றான் மஹ்ரூப். மர்ளியா விடவில்லை.

"நம்பர் வளவ விட்டுப் போகப்படாது. அவர் கூப்பிட்டது வளவ."

கீழே இருந்தால் கவரேஜ் இல்லை. மேலே கயிற்றில் தொங்கினால் எடுக்க ஆளில்லை. ஹயாத்து முகம்மது சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஏணியை மரத்தில் சாத்தினார்.

"இறங்குங்க," என்றாள் ஸக்கியா. "இந்த வயசில விழுந்து தொலச்சா, எத்தின மையித்த அடக்குற—"

அவள் பாதியில் வாயைப் பொத்திக்கொண்டாள். மர்ளியா குசினிக்குள் போய்விட்டாள். ஹயாத்து முகம்மது ஒன்றும் கேளாதவர்போல அடுத்த கவட்டில் காலை வைத்தார்.

பகலில் அவர், இரவில் மஹ்ரூப் என்று மரத்தில் முறை வைத்தார்கள். மணியை உச்சத்தில் வைத்தான் மஹ்ரூப். மேலே இருந்து பார்த்தால் மணல்மேட்டுக்கு அப்பால் கடல் முழுவதும் தெரிந்தது. அதன் மேல் வெள்ளைக்காரர்களின் பட்டங்கள், மஞ்சளும் ஊதாவுமாக, இழுபட்டுக்கொண்டு நின்றன. காற்று நன்றாக இருந்தால் அவர்களுக்குக் கொண்டாட்டம். சோளகம் பெலக்கப் பெலக்கப் பட்டங்கள் கூடின.

முதல் நாள் மைனா அடித்தது. போன் மணி அச்சொட்டாக, இரண்டு முறை. மர்ளியா மாவுக் கையோடு வெளியே ஓடி வந்து அண்ணாந்து பார்த்தாள். ஹயாத்து முகம்மது கையிலிருந்த போனைத் திருப்பிக் காட்டினார். திரை கறுப்பாக இருந்தது. அவள் உள்ளே போகவில்லை. மரத்தில் சாய்ந்து நின்றாள்.

"வாப்பா."

"சொல்லுங்க மகள்."

"எஞ்சின் நிண்டு நீங்க நாலு நாள் கடல்ல கெடந்தீங்களே. சுறாவொண்டு கயித்தக் கடிச்சிக்கிட்டு ஒங்கட படகக் கல்பிட்டி வரைக்கும் இழுத்துக்கிட்டு வந்து விட்டுட்டுச் சலாம் சொல்லிட்டுப் போச்சிண்டு சொல்லுவீங்களே."

"ஓம்."

"அது உண்மயா?"

சின்ன வயதில் அவள் அந்தக் கதைக்கு உருண்டு உருண்டு சிரிப்பாள். கதையில் சுறாவுக்குத் தொப்பியும் இருந்தது. அவள் கேட்டால் தொப்பி பச்சை, றிஸ்மியா கேட்டால் தொப்பி வெள்ளை. உண்மையில் அவர் கிடந்தது ஒரு பகல். இழுத்து வந்தது உடப்பு ஊர்க்காரர் ஒருவரின் படகு. கீழே நிமிர்ந்திருந்த முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. கண் சிமிட்டாமல் அவள் பதிலுக்கு நின்றாள்.

"உண்மதான் மகள்," என்றார் ஹயாத்து முகம்மது.

"நாலு நாளா?"

"நாலு நாள்."

அவள் தலையை ஆட்டிவிட்டு, மாவைப் பிசையப் போனாள்.

பவர்பேங் பகல் முடியுமுன் தீர்ந்தது. நெட்டில் ஆள் தொங்கினால் சார்ஜ் வேகமாக இறங்கும், கோலுக்கும் இடைஞ்சல் என்று மஹ்ரூப் சொன்னான். றிஸ்மியாவுக்கு விஷயத்தைச் சொல்லி, இனி கொஞ்ச நாளைக்குக் கூப்பிடாதே என்றார்கள். அவள் அந்தப் பக்கத்தில் அழுத சத்தம் ஒரு தடவைகூட நிற்காமல், தெளிவாக வந்தது. அன்றைக்கு நெட் அவ்வளவு நன்றாக இருந்தது. பிறகு மஹ்ரூப் தன் போனை நிறுத்தினான். ஸக்கியாவுடையதையும் நிறுத்திக் கொடுத்தான். ஒரேயடியாக ஹொட்ஸ்பொட்டையே மூடுவதென்றால் இதை அமத்துங்கள் என்று மாமாவுக்கு ஒரு பட்டனையும் காட்டினான்.

அடுத்த நாள் போன் அடித்தபோது மைனா பேசாமல் இருந்தது. வளவு முழுவதும் எழுந்து நின்றது. ஹயாத்து முகம்மது காதில் வைத்தார். இனிய குரலில் ஒரு பெண், உங்களுக்கென்றே ஒரு விசேட சலுகை என்று தொடங்கினாள். அவர் கீழே பார்த்து, "கம்பனிக்காரன்," என்றார். எல்லாரும் திரும்பக் குந்தினார்கள்.

அதற்கும் பிறகு ஒருநாள், அஸர் முடிந்து வெயில் சரிந்த நேரம் மறுபடி அடித்தது. காற்று வேம்பைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தது. அவர் ஒரு கையால் கிளையைக் கட்டிக்கொண்டு மற்றக் கையால் போனைக் காதோடு அழுத்தினார்.

"வணக்கம் ஐயா. நான் மன்னார்ப் பக்கமிருந்து கதைக்கிறன். கரைவலை இழுக்கேக்க ஒரு ரெஜிபோம் பெட்டி பட்டது. மூடியில உங்கட நம்பர் கிடக்கு."

"ஓம்."

"பெட்டி உங்கடதோ?"

"ஓம். எங்கடதான். படகு?"

"படகு ஒண்டும் காணேல்ல ஐயா. பெட்டி மட்டும்தான். மூடியக் கயித்தால நல்லா வரிஞ்சு கட்டியிருந்தது. உள்ளுக்கு மீன் இல்ல." அந்த மனிதன் சற்று நிறுத்தினான். அவனும் கடற்காரன்தான் என்பது அந்த நிறுத்தத்தில் தெரிந்தது. "ஒரு சின்ன போன் கிடக்கு. பொலித்தீன் பையில சுத்தி, ரப்பர் போட்டு. நனையேல்ல. சார்ஜ்தான் இல்ல."

ஹயாத்து முகம்மது கண்ணை மூடிக்கொண்டார். மரம் அவரைத் தூக்கித் தூக்கி ஆட்டியது.

"ஐயா, கேக்குதோ? கோயிலடியில குடுத்து வைக்கட்டோ?"

"நீங்களே வெச்சிரிங்க தம்பி," என்றார் அவர்.  "அதுக்குரிய ஆள் வந்து எடுப்பான்."

காற்றில் அவருடைய பேச்சு கீழே விழவில்லை. மணி மட்டும் விழுந்திருந்தது. ஸக்கியா தஸ்பீஹ் மணிமாலையோடு வாசலுக்கு வந்திருந்தாள். மஹ்ரூப் லொட்ஜுக்கு ஒரு நடை போய்வர எடுத்த சைக்கிளைப் பிடித்தபடி நின்றான். மர்ளியா தன் வீட்டுப் படியில், கையில் போனோடு.

"ஆரு வாப்பா?"

அவர் காலமெல்லாம் சொன்னவற்றில் இதைவிடச் சின்னப் பொய் இருந்ததில்லை. சுறாவும் இல்லை, தொப்பியும் இல்லை.

"கம்பனிக்காரன் மகள். புதுசா ஒரு பெக்கேஜாம்."

நம்பினார்கள். ஸக்கியா உள்ளே போனாள். மஹ்ரூப் சைக்கிளை மிதித்தான். மர்ளியா படியிலேயே இருந்தாள்.

போனில் சார்ஜ் சிவப்புக்கு வந்திருந்தது. இனி அதைக் காப்பாற்றி வைக்க வேண்டிய தேவை என்னவென்று ஹயாத்து முகம்மதுக்குத் தெரியவில்லை. ஆனாலும் கை பழக்கத்தில் அந்த இடத்தைத் தட்டிற்று. பெயர்கள் வந்தன. ஸக்கியா இல்லை. மஹ்ரூப் இல்லை. ஹாசிம் இருந்தான்.

கீழே பார்த்தார். மர்ளியா போனை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு பாதையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அந்தப் போனை நிறுத்தவே இல்லை, இத்தனை நாளும். நிறுத்து மகள் என்று ஒரு சத்தம் கொடுத்தால் போதும். அல்லது மஹ்ரூப் காட்டிய பட்டன் விரலுக்கு நேர் கீழேதான் இருந்தது. விரலைக் கொண்டுபோனார். மணல்மேட்டுக்கு அப்பால் பட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தார்கள். மஞ்சள் ஒன்று மட்டும் இறங்க மறுத்துத் தலையை ஆட்டிக்கொண்டு நின்றது.

திரை மங்கத் தொடங்கியது. அணைந்துவிடுமுன் அவர் அவசரமாக அதைத் தொட்டார். வெளிச்சம் வந்தது. பெயர் அங்கேயே இருந்தது. மறுபடி மங்கியது. மறுபடி தொட்டார்.